லினார்தோஸுக்கு வேகவைத்த கோதுமை

'மெர்சினி' கப்பலில் ஏறிய எந்தப் பயணியும் ஸம்பேத்தாவின் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. சமையல்காரிக்கு மேல்தளத்தில் என்ன வேலை என்று கேப்டன் ஆரம்பத்தில் முறைத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் ஏறும் நேரம் பார்த்து, கையில் கரண்டியோடு ஏணிப்பக்கம் வந்து நின்றுவிடுவாள். நாற்பது பேர் ஏறினால் மூச்சுமுட்டும் சின்னச் சுற்றுலாக் கப்பல் அது. அவள் கண்ணில் படாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்பாள்.

எங்கள் தீவுகளில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி இது. பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊரில் பாதிப்பேருக்கு ஒரே பெயர்தான். யார் பெற்றது என்று தெரிந்தால்தான் ஆளைத் தெரியும். ஆனால் எழுபது தாண்டிய நார்வேக்காரர் ஒருவரை வழிமறித்து இதைக் கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? பயணிகளுக்குப் பழைய இடங்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி டானாய்தான் இதை மொழிபெயர்த்தாக வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கேட்டாள். அந்தப் பெரியவரும் ஒரு கணம் யோசித்துவிட்டு, மீன்பிடித் துறை ஒன்றில் வலை பின்னிக்கொண்டிருந்த தன் தாயின் பெயரைச் சொன்னார். "அப்படிச் சொல்லு" என்று தோளில் தட்டி அவரை உள்ளே அனுப்பினாள் ஸம்பேத்தா. அந்த வாரம் முழுக்க அவர் தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக விழுந்தது.

"ஏன்க்கா, வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டமா, அனுப்பினமான்னு இல்லாம, இவங்க அம்மா பேரெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று லாம்பிஸ் கேட்பான். சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவன் அவன். ஏதென்ஸ்காரன், முப்பது தாண்டியவன், காலையில் இரண்டு காப்பி உள்ளே போகாமல் அவனுக்குக் கண் திறக்காது.

"உனக்குப் புரியாது. நீ தட்டைத் தூக்கு" என்பாள்.

அந்தக் கேள்வியில் பாதி பிறவிக்குணம். அனாஃபி தீவில் சிறுமியாக இருந்தபோதே, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் முதலில் போய் எட்டிப் பார்ப்பவள் அவள்தான். லினார்தோஸைக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்படித்தான். அவன் மீன்பிடிக்கிறவன். ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவன். இந்த ஆளுக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று குடைந்து பார்க்கப் போனவள் அப்படியே வாழ்க்கைப்பட்டுவிட்டாள். குடைந்ததில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைத்த மட்டும் தங்கம் என்று அவளே சொல்லுவாள்.

மீதிப் பாதி, அவள் மாமியார் மருசோ தலையில் ஏற்றிவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி காலையில் லினார்தோஸ் வலை எடுக்கத் தனியாகப் போனான். கடல் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. சாயங்காலம் படகு மட்டும் கிடைத்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வலை பாதி ஏறியிருந்தது, அவன் கொண்டுபோன ரொட்டியும் ஆலிவும் கட்டிய முடிச்சு அவிழாமல் இருந்தன. ஆளைக் காணோம். கடலோரக் காவலர்கள் தேடினார்கள், தீவில் படகு வைத்திருந்த அத்தனை பேரும் தேடினார்கள். உடல் கரைக்கு வரவே இல்லை. நல்ல நீச்சல்காரன், அசையாத கடலில் எப்படிப் போனான்? ஸம்பேத்தா இத்தனை காலத்தில் கேட்ட கேள்விகளில் ஒரு பிடிகூடக் கிடைக்காமல் நின்ற கேள்வி அது.

மருசோவுக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. அந்தப் பக்கமாகப் பெரிய சரக்குக் கப்பல்கள் போகின்றன. தண்ணீரில் விழுந்தவனை எவனோ தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். தலையில் அடிபட்டுப் பெயர் மறந்திருக்கும். கனடாவிலோ, கொரியாவிலோ, பிரேசிலிலோ ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான். நினைவு வந்ததும் வந்துவிடுவான். கிழவி இதைச் சொல்லும்போது ஊர் வாயை மூடிக்கொள்ளும். பெற்றவளிடம் போய் வாதாட யாருக்கு மனம் வரும்.

எங்கள் பக்கத்தில் கணவன் போனால் பெண் கறுப்பு உடுத்துவாள். நாற்பதாம் நாள் கோதுமை வேகவைத்து, சர்க்கரை தூவிக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். பாதிரியார் செத்தவன் பெயரைச் சொல்லி மந்திரித்ததும் அதை ஊருக்கெல்லாம் கொடுப்பாள். வாங்கித் தின்கிறவர்கள் 'கடவுள் அவனை மன்னிக்கட்டும்' என்று சொல்லித் தின்பார்கள். லினார்தோஸுக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை.

"கறுப்பு உடுத்தினா இந்த வாசப்படி மிதிக்காத" என்று மருமகளிடம் சொல்லிவிட்டாள் மருசோ. "உசுரோட இருக்கறவனுக்கு எவளாவது கோதுமை வேகவைப்பாளா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிரியாரைப் பிடித்து, அவன் பெயரை உயிரோடிருப்பவர்களோடு சேர்த்து ஜெபத்தில் சொல்லவைப்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் சொல்லிவந்தார்.

ஸம்பேத்தாவைக் கப்பல் வேலைக்கு அனுப்பியதும் மருசோதான். இளவயது மருமகளை எந்த மாமியார் கடலுக்கு அனுப்புவாள் என்று தீவே வாய்பிளந்தது.

"நீ போடி. உலகத்து ஜனமெல்லாம் அந்தக் கப்பல்ல வருது. ஒருத்தர் கண்ணுலயாவது அவன் பட்டிருக்க மாட்டானா? யாரு, எந்த ஊருன்னு கேளு. வெக்கப்படாம கேளு."

கேட்டாள். சமையலறைக் கதவருகே அவன் போட்டோவை ஒட்டிவைத்தாள். பயணிகளில் சிலர் நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். அக்டோபரில் கப்பல் ஓய்வுக்குப் போனதும் தீவுக்கு வந்து மாமியாரின் அடுப்புப் பக்கம் உட்காருவாள். விசாரணை தொடங்கும்.

"கனடாக்காரங்க வந்தாங்களா?"

"வந்தாங்க அத்தே."

"கேட்டியா?"

"கேட்டேன். தெரியலன்னாங்க."

"பெரிய நாடுடி அது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்சிருக்குமா" என்று மருசோ பாதாம் கொட்டையை நங்கென்று உடைப்பாள்.

வருஷா வருஷம் நாடுகள் மாறின, பதில் மாறவில்லை. ஸம்பேத்தா எப்போதோ நம்பிக்கையை விட்டுவிட்டாள். ஆனாலும் கேட்பதை விடவில்லை. மாமியாருக்காகக் கேட்க ஆரம்பித்தவள், போகப்போக அந்த ஜனங்களின் கதைகளுக்காகவே கேட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த விசாரணை உயிரோடிருப்பவர்களோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பயணிகள் பழைய இடங்களைப் பார்க்க இறங்கும்போது, பாத்திரம் கழுவிய கையோடு இவளும் டானாயின் பின்னால் ஓடிவிடுவாள். டீலோஸ் தீவில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் தலை இல்லாத இரண்டு கற்சிலைகள் நிற்கின்றன, ஒரு கணவனும் மனைவியும்.

"இவங்க யாரு வீட்டு ஆளுங்க?" என்று கேட்டாள் ஸம்பேத்தா.

"ஏதென்ஸ்காரங்கக்கா. இவ பேரு கிளியோபாட்ரா. புருஷனோட சிலையை இவதான் வச்சா. கீழ எழுதியிருக்கு பாரு, அத்ராஸ்டோஸ் மகள்னு."

"அப்பன் பேரு போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா."

"அப்ப நம்ம ஜனந்தான்" என்று ஸம்பேத்தா அந்தக் கல் பெண்ணின் முழங்கையைத் தட்டிக் கொடுத்தாள். காவல்காரன் விசில் ஊதினான். கையை எடுத்துக்கொண்டாள், நகரவில்லை.

போன வருஷம் அதே டீலோஸில்தான், அந்தக் காலத்தில் அந்தத் தீவில் யாரும் சாகக்கூடாது என்று சட்டம் இருந்ததை டானாய் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பயணிகள் தலையாட்டிக்கொண்டு நடந்தார்கள். ஸம்பேத்தாவால் அப்படி நடக்க முடியவில்லை.

"சாகாம எப்படி இருப்பாங்க? செத்தவங்களை எங்க கொண்டுபோனாங்க?"

"எதிர்ல தெரியுதே ரினியா, அங்க. அந்தக் கல்லறைக் கல்லெல்லாம் இப்ப மிக்கோனோஸ் மியூசியத்துல இருக்கு. நாளைக்குக் காட்டறேன், இப்ப விடு."

விடுவாளா? மறுநாள் முதல் ஆளாக மியூசிய வாசலில் நின்றாள். உள்ளே ஒரு கல்லின் முன்னால் அவளுக்குக் கால் ஓடவில்லை. ஒரு வாலிபன் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறான். கன்னத்தைக் கையில் தாங்கியிருக்கிறான். கீழே ஒரு படகின் முன்பக்கம் மட்டும் தெரிகிறது.

"இவன் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கான்?"

"கடல்ல போனவன்க்கா. போனவங்களை இப்படித்தான் செதுக்குவாங்க. பாறைமேல, தனியா."

"கல்லுக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இருந்திருக்காது. உடம்பு கிடைக்காதவங்களுக்கும் வைப்பாங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குக் கல்லு?"

டானாய்க்கு அவள் கதை தெரியும். கதவருகே ஒட்டிய போட்டோவைத் தினமும் கடந்து போகிறவள்தானே. "வந்து நிக்கறதுக்கு ஒரு இடம் வேணும்லக்கா" என்றாள்.

ஸம்பேத்தா அங்கேயே நின்றாள். அன்று மதியச் சாப்பாடு தாமதமாகி கேப்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அவள் வாயை அடைத்த கேப்டன் என்று லாம்பிஸ் அவரைக் கொஞ்ச நாள் பாராட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் மருசோவிடம் கல்லைப் பற்றிச் சொன்னாள். திட்டு விழும் என்று தயாராகத்தான் சொன்னாள். கிழவி திட்டவில்லை. கேள்வி கேட்டாள். அந்த வீட்டில் மருமகளுக்கு இந்தக் குணம் ஒட்டிக்கொண்டதா, மாமியாருக்கு ஒட்டிக்கொண்டதா என்று சொல்வது கஷ்டம்.

"எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கான்?"

"பக்கவாட்டுல."

"செருப்பு போட்டிருக்கானா?"

"கவனிக்கல அத்தே."

"என்னத்தக் கவனிச்ச? யாரு வச்ச கல்லு, அம்மாவா, பெண்டாட்டியா?"

"எழுத்து தேஞ்சுபோச்சாம். தெரியலன்னா டானாய்."

மூன்றாம் நாள் மருசோ பாதாம் உடைத்துக்கொண்டே தானாகச் சொன்னாள்: "வச்சவ பேரு போயிடுச்சு. பையன் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கான், பாரு."

ஈஸ்டர் கழிந்து கப்பல் மறுபடி கிளம்பியபின் ஒருநாள் ஸம்பேத்தாவின் போன் அடித்தது. மருசோ போனில் நலம் விசாரிக்கிற வழக்கமே கிடையாது.

"ஆத்துமாக்களோட சனிக்கிழமைக்குக் கோதுமை வேகவை. நிறைய வை. சர்க்கரை மட்டும் நான்தான் தூவுவேன்."

போனை வைத்துவிட்டாள். ஸம்பேத்தா கையில் போனோடு வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். வெங்காயம் உரிக்காமலே அழுகிறாயே என்று லாம்பிஸ் கேட்க வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஆத்துமாக்களின் சனிக்கிழமை பெந்தெகொஸ்துக்கு முந்தின நாள், ஜூனை ஒட்டி வருவது. செத்தவர்கள் எல்லாருக்கும் பொதுவான நாள். அன்று எங்கள் கோயில்களில் கோதுமைத் தட்டு வைக்க இடம் இருக்காது. நல்லவேளையாக அந்த வருஷம்தான் கப்பலின் பாதையில் அனாஃபி சேர்ந்திருந்தது. தீவின் மறுகோடியில் ஒரு மடம் இருக்கிறது, பழைய அப்போலோ கோயிலின் கற்களை வைத்துக் கட்டியது. அதைப் பார்க்கப் பயணிகள் சனிக்கிழமை காலையில் இறங்குவார்கள். இவள் மாமியாரோடு மேலே ஊருக்குப் போய்க் கோதுமையைக் கோயிலில் வைத்துவிட்டு, அவர்கள் திரும்பும்போது கப்பலுக்கு வந்துவிடலாம். கேப்டனும் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை சந்தோரினியில் கப்பல் நின்றபோது கோதுமையை வேகவைத்தாள். மணி மணியாக வெடிக்கிற பதத்தில் இறக்கி, அலசி, இருந்த வெள்ளைத் துணிகள் எல்லாவற்றையும் விரித்து அதன்மேல் காயப்போட்டாள். ஓர் இரவு முழுக்கக் காய்ந்தால்தான் உண்டு, ஈரம் இருந்தால் மேலே தூவுகிற சர்க்கரை கரைந்துவிடும். விடியலில் வறுத்த பாதாம், திராட்சை, எள், பட்டைத்தூள், நறுக்கிய பார்ஸ்லி எல்லாம் கலந்து பெரிய பேசின் நிறைய ஆக்கினாள். மாதுளை மட்டும் இல்லை, அந்த மாதத்தில் எங்கே கிடைக்கும். கப்பல் அனாஃபித் துறையில் கட்டியாகிவிட்டது. பேசினை ஒரு துணியால் மூடி மேடையில் வைத்துவிட்டுக் கீழே தன் அறைக்குப் போனாள்.

அங்கே அவளுக்காக ஒரு கறுப்பு உடை காத்திருந்தது. சீரோஸ் தீவில் வாங்கியது, அவள் வாழ்க்கையிலேயே முதல் கறுப்பு. பித்தான் துளைகள் புதுசு, இறுக்கம். கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது யாரோ அயல்வீட்டுக்காரி நிற்பதுபோல் இருந்தது. இவள் யாரு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். தலை வாரினாள், கலைத்தாள், மறுபடி வாரினாள். சீக்கிரம் கிளம்ப வேண்டியவள் அன்று கொஞ்சம் அதிகமாகத்தான் நின்றுவிட்டாள்.

அவளுக்கும் லாம்பிஸுக்கும் நடுவே ஓர் ஏற்பாடு உண்டு. காலைச் சாப்பாட்டுக்குத் தினம் ஒரு தீவுப் பலகாரம் செய்து, நீலக்கோடு போட்ட துணியால் மூடி மேடையில் வைப்பாள். நீலக்கோட்டுத் துணிக்கு அடியில் இருப்பது மேசைக்குப் போகவேண்டும். கேள்வி கேட்கக்கூடாது, ருசி பார்க்கக்கூடாது. முதல் காப்பிக்கும் இரண்டாம் காப்பிக்கும் நடுவில் இருக்கும் மனிதனுக்கு இதைவிட வசதியான சட்டம் கிடையாது. அன்று வெள்ளைத் துணியெல்லாம் கோதுமை காயப்போட்டதில் நனைந்துவிட்டதால், ஸம்பேத்தா கைக்குக் கிடைத்த துணியால் பேசினை மூடியிருந்தாள். அது நீலக்கோடு போட்டது.

மேலே ஏறி வந்தவள் சாப்பாட்டு அறை வாசலில் நின்றாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணம். தயிர், மேலே தேன், அடியில் அவள் கோதுமை. கனடாக்கார அம்மா இரண்டாவது தரம் போட்டுக்கொண்டிருந்தாள். நார்வேக்காரப் பெரியவர் இவளைக் கண்டதும் கரண்டியைத் தூக்கி, பிரமாதம் என்று சைகை காட்டினார்.

லாம்பிஸ் அப்போதுதான் அவள் கறுப்பு உடையைப் பார்த்தான். பிறகு பேசினைப் பார்த்தான்.

"அக்கா. இது அதுவா?"

"உனக்குத் தெரியலயா? நீ கோதுமை தின்னதே இல்லயா?"

"எங்க ஊர்ல கடையில வாங்கி, சின்னச் சின்னக் காகிதப் பையில போட்டுக் குடுப்பாங்கக்கா. சர்க்கரையோட. இப்படிப் பேசின்ல நான் பார்த்ததே இல்ல. நீலத்துணி போட்டிருந்துச்சு, அதான்..."

"கண்ணு எங்க போச்சு? மூக்கு எங்க போச்சு? பதினோரு வருஷம்டா. பதினோரு வருஷம் கழிச்சு அந்தப் பொம்பளை வாயைத் தொறந்து வேகவைன்னு சொன்னா. நீ தேன் ஊத்திக் குடுத்திட்ட."

அவள் சத்தம் போட்டதில் கரண்டிகள் நின்றன. டானாய் எழுந்து, பயணிகளுக்கு அவர்கள் மொழியில் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்கள். கொரியாவிலிருந்து வந்திருந்த அக்காவும் தங்கையும் வாயிலிருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"கிண்ணத்தைத் தள்ளி வைக்க வேணாம்னு சொல்லு" என்றாள் ஸம்பேத்தா. "மிச்சம் வைக்கக்கூடாது. கொட்டக்கூடாது. எடுத்ததைத் தின்னுதான் ஆகணும். தின்னா அந்த வார்த்தையைச் சொல்லணும். அதையும் சொல்லிக்குடு."

"பேரு கேக்கறாங்கக்கா."

"லினார்தோஸ்."

கனடாக்கார அம்மா சமையலறைக் கதவுப் பக்கம் கை காட்டினாள். அந்தப் போட்டோவில் இருப்பவரா என்று கேட்கிறாள் என்றாள் டானாய். ஸம்பேத்தா தலையசைத்தாள். பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். என்ன வயது, எப்போது போனார், கடல் எப்படி இருந்தது, படகின் பெயர் என்ன, பேசுகிறவரா, பாடுகிறவரா. ஒரு வாரமாக அவர்களைக் குடைந்து எடுத்தவளை இப்போது அவர்கள் குடைந்தார்கள். பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கடைசியாக நார்வேக்காரர் மெல்ல ஏதோ கேட்டார். டானாய் அதை மொழிபெயர்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அவரு யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கறாரு."

"மருசோ வீட்டுப் பிள்ளை" என்றாள் ஸம்பேத்தா.

அவர்கள் கிண்ணங்களை மறுபடி எடுத்தார்கள். கோணல் மாணலான உச்சரிப்பில், டானாய் சொல்லித்தந்தபடி, 'கடவுள் லினார்தோஸை மன்னிக்கட்டும்' என்று ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லித் தின்றார்கள். கிண்ணங்கள் எல்லாம் காலியாயின. பேசினின் அடியில் ஒரு கைப்பிடி மிஞ்சியது. மேலே ஊரில் கோயில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. இனி வேகவைத்துக் காயவைக்க நேரம் ஏது.

துறையில் காப்பிக்கடை ஓரத்து பெஞ்சில் மருசோ உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் இறங்கி வந்திருந்தாள். மடியில் மாவுச்சர்க்கரைப் பை, சிலுவை வரைவதற்கு வெள்ளி மணி மிட்டாய், தட்டுக்கு விரிக்கப் பூவேலை செய்த காகிதம். இத்தனை வருஷம் பிடிவாதமாகச் சாம்பல் நிறமே உடுத்தி வந்தவள் அன்றும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தாள். மருமகளின் கறுப்பைப் பார்த்தாள். பேசினைப் பார்த்தாள்.

இன்றைக்கு இது நடக்காவிட்டால் இந்தக் கிழவி இன்னொரு தரம் இறங்கி வர மாட்டாள். தெய்வமே தடுத்துவிட்டது, அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று மறுபடி பாதாம் உடைக்க உட்கார்ந்துவிடுவாள். அது நிச்சயம். பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் ஸம்பேத்தா பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். நீலத்துணி, தயிர், தேன் எல்லாவற்றையும் சொன்னாள்.

மருசோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தின்னாங்க?"

"கப்பல்ல வந்தவங்க. எல்லாரும்."

"எந்த ஊர்க்காரங்க?"

"நார்வே. ஜெர்மனி. ஆஸ்திரேலியா."

"கனடா?"

"புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர், அத்தே."

"அவங்களும் அந்த வார்த்தையைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. அந்தம்மா ரெண்டு தரம் சொன்னா."

"பேரோட?"

"பேரோட."

மருசோ விரலால் சர்க்கரைப் பையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "கொரியா?"

"அக்கா தங்கச்சி ரெண்டு பேர்."

"பிரேசில்?"

"பிரேசில் இல்ல அத்தே. அர்ஜென்டினா, ஒரு டாக்டரம்மா."

"அது எங்க இருக்கு?"

"பிரேசிலுக்குப் பக்கத்துலதான்."

"அவளும் சொன்னாளா?"

"சொன்னா."

பெரிய நாடு, எல்லாருக்கும் தெரிந்திருக்குமா என்று இந்த முறை கிழவி சொல்லவில்லை. அவன் இருக்கக்கூடும் என்று அவள் நினைத்துவைத்திருந்த ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாக வாய்திறந்து சொல்லிவிட்டன. இனி விசாரிக்க ஊர் இல்லை. கப்பலிலிருந்து பயணிகள் இறங்கி மடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒவ்வொருவரையும் மருசோ கண்ணெடுக்காமல் பார்த்தாள். பஸ் கிளம்பி மேட்டில் ஏறி மறைந்தது.

"பேசினை இங்க வை" என்றாள்.

முடிச்சை அவிழ்த்தாள். அடியில் கிடந்த ஒரு கைப்பிடிக் கோதுமைமேல் சர்க்கரையை மெல்லத் தூவினாள், ஒரு மணிகூடத் தெரியாதபடி. வெள்ளி மணிகளை எடுத்து ஒரு சிலுவை வைத்தாள், சற்றே கோணலாக வந்தது. கோயிலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்றுதான் ஸம்பேத்தா எழுந்தாள். மருசோ அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு சிலுவையின் ஓரத்திலிருந்து விரல் நுனியால் கொஞ்சம் கோதுமையை அள்ளி வாயில் போட்டு, பல் இல்லாத ஈறுகளால் வெகுநேரம் மென்றாள்.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்றாள். "என் லினார்தோஸை."

ஸம்பேத்தாவும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். அவளால் வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. கிழவி அவள் முதுகில் கை வைத்தபடி, சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை முடுக்கினார், பாதிரியார் பெயர் சொல்ல ஆரம்பித்திருப்பார், போகலாமா என்றார். மருசோ சர்க்கரைப் பையை மறுபடி இறுக முடிச்சுப் போட்டு மருமகள் மடியில் வைத்தாள்.

"மிச்சத்தைப் பத்திரமா வை. வர்ற வருஷத்துக்கு ஆகும்" என்றாள்.